குதிரைக்கு அஞ்சிய குதிரைப்படைத் தலைவர்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

   

நம் கூட்டங்களில் நம்மவருட் சிறந்தார் வரலாறு பேசப்படுதல் வழக்கம். அது வேண்டற்பாலதே. ஆயினும், ஆண்டிற்கு ஒரு முறையேனும் நம் ஊரும் நம் உறவும் அல்லாத ஒருவர் வரலாற்றைக் கேட்டல் நலம் பயக்கும் என்பது என் கருத்து. உறவினர் பெருமையைக் கேட்கும்போது செவி குளிர்கின்றது. அயலார் பெருமையைக் கேட்கும்போதோ அறிவு விழித்துக்கொண்டு அளந்து பார்க்கின்றது. அளந்து பார்த்து ஏற்றுக்கொண்ட பெருமையே நம் வாழ்க்கைக்குப் பயன்படும். அக்கருத்துப் பற்றியே இன்று ஓர் அயல்நாட்டு வீரர் வரலாற்றை எடுத்துக்கொண்டேன்.

அவர் பெயர் பெஞ்சமின் ஹென்றி கிரியர்சன். இந்திய மொழிகளை ஆராய்ந்து பல தொகுதிகள் வெளியிட்ட ஜார்ஜ் ஆபிரகாம் கிரியர்சன் என்னும் அறிஞரைத் தமிழ் கற்றார் பலர் அறிவர். இவர் அவரல்லர். இவர் அமெரிக்க ஐக்கிய நாட்டில் 1861 முதல் 1865 வரை நிகழ்ந்த உள்நாட்டுப் போரில் குதிரைப்படை நடத்திப் புகழ் எய்தியவர். இவர்தம் வரலாற்றில் இரண்டு போர்கள் உண்டு. முதற் போரில் பகைவரை எதிர்த்து நின்றார். அதில் வென்று பட்டமும் பதவியும் பெற்றார். இரண்டாவது போரில் தம் பக்கத்தாரையே எதிர்த்து நின்றார். அதில் அவர்க்கு வாய்த்த பரிசு யாது என்பதைப் பின்னர்க் கூறுவேன்.

போரின் காரணம்

அந்நாட்டின் வட மாநிலங்களில் தொழிற்சாலைகள் மிகுந்திருந்தன. தென் மாநிலங்கள் பருத்தி விளைவாற் செழித்திருந்தன. அப்பருத்தியை விளைத்தவர் கூலி பெறும் உழவர் அல்லர். ஆப்பிரிக்காவினின்று பிடித்துக் கொணரப்பட்டோரின் வழித்தோன்றல்களாகிய அடிமைகளே அவர். 1860-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி அவர்தொகை ஏறத்தாழ 40 லட்சம். தந்தை ஓரிடத்தும், தாய் ஓரிடத்தும், குழந்தை ஓரிடத்துமாக ஏலத்தில் விற்கப்பட்ட மக்கள் அவர். அடிமை முறை புதிய நிலப்பகுதிகளிற் பரவலாகாது என்ற கொள்கையுடைய ஆபிரகாம் லிங்கன் 1860-இல் நாட்டுத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டதும், தென் மாநிலங்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன. பிரிந்தவை 11. 1861 ஏப்ரல் மாதத்திற் போர் மூண்டது. நான்காண்டில் இரு பக்கத்தும் 6 லட்சத்திற்கு மேற்பட்ட வீரர் மாண்டனர்.

இளமை

கிரியர்சன் 1826-ஆம் ஆண்டு ஜூலை 8-ஆம் நாள் பிட்ஸ்பர்க் நகரிற் பிறந்தார். பெற்றோர் அயர்லாந்தினின்று குடியேறியவர். அவர் வளர்ந்தது ஒகையோ மாநிலத்தைச் சேர்ந்த யங்ஸ்டவுன் என்னும் ஊரில். எட்டு வயதில் ஒரு குதிரை அவர் முகத்தில் உதைத்தது. சில வாரம் கண்பார்வையே இல்லாதிருந்தார். பார்வை மீண்டது, முகத்தில் வடு நின்றது. அதனை மறைத்தற்கே பின்னாளில் அடர்ந்த தாடி வளர்த்தார். அன்று முதல் குதிரை என்றால் அவர்க்கு வெறுப்பும் அச்சமுமே.

அவர் உள்ளம் இசையிலே தோய்ந்தது. பல கருவிகளை வாசிக்கப் பயின்றார், பாடல்களுக்கு இசையமைத்தார், சிறு பருவத்திலேயே ஊர் இசைக்குழுவுக்குத் தலைவரானார். பின்னர் இல்லினாய் மாநிலத்து ஜாக்சன்வில் என்னும் ஊரிற் குடியேறிப் பிள்ளைகளுக்கு இசை கற்பித்தார். இசையாசிரியர்க்கு வரும் வருவாய் எத்துணைத்து என்பதை இந்த அவையில் யான் விரித்துரைக்க வேண்டுவதில்லை. 1854-இல் ஆலிஸ் கிர்க் என்னும் நன்மகளாரை மணந்தார். குடும்பம் பெருகவே, மெரிடோசியா என்னும் சிற்றூரில் ஒரு கடை வைத்தார். வாணிகம் நொடித்தது, கடன் மிகுந்தது. போர் தொடங்கிய காலத்து அவர் வயது 34. கையிற் பொருளில்லை, மனைவி மக்களைக் காக்கும் வழியும் தெளிவாயில்லை. உலகம் அவரை வென்றவர் வரிசையில் வைக்க யாதொரு காரணமும் இல்லை.

ஆயினும் ஒன்று அவரிடம் உறுதியாயிருந்தது. மனிதனை மனிதன் விலைக்கு விற்றல் பெரும்பிழை என்று அவர் தெளிந்திருந்தார். லிங்கனை முன்னரே அறிந்து, அவர் கட்சிக்காக உழைத்தவர். ஆகவே போர் மூண்டதும் ஊதியம் பெறாமலே ஒரு தளபதிக்குத் துணையாகச் சென்று சேர்ந்தார். காலாட்படையில் இடம் கிடைக்கும் என்று எதிர்பார்த்தார். கிடைத்ததோ 6-ஆம் இல்லினாய்க் குதிரைப்படையில் மேஜர் பதவி! விதியின் விளையாட்டு இதனினும் வேறுண்டோ? மெலிந்து முறுகிய உடலுடைய இவர் குதிரைப்படைக்கே ஏற்றவர் என்று மேலதிகாரி கருதினார் என்பர்.

இங்கே மாணவர் கவனிக்க வேண்டும். கிரியர்சன், “எனக்கு வராது” என்று சொல்லித் திரும்பவில்லை. படைப்பயிற்சி நூலை வாங்கி இரவிற் படித்தார். படித்ததைப் பகலில் வீரர்க்குக் கற்பித்தார். கற்பித்துக் கற்பித்துத் தாமும் கற்றார். 1862 ஏப்ரலில் அப்படைக்கே கர்னலாக உயர்ந்தார்.

பதினாறு நாட் செலவு

1863-ஆம் ஆண்டு வசந்தகாலத்தில் வடவர் சேனைக்குப் பெருந்தடையாய் நின்றது விக்ஸ்பர்க் என்னும் அரண். மிசிசிப்பிப் பேராற்றின் கரையில், உயர்ந்த மேட்டின்மேல் அமைந்தது. அதனைக் கைப்பற்றினாலன்றி ஆறு முழுதும் வசப்படாது. தளபதி கிராண்டு ஆற்றின் மேல்கரையில் தம் சேனையோடு தங்கியிருந்தார். ஆற்றைக் கடந்து கீழ்கரை சேர்தற்கு அவர்க்குச் சில நாள் வேண்டும்; அந்நாள்களில் பகைவர் கண் வேறு திசை நோக்க வேண்டும். அரணுக்கு உணவும் படைக்கலமும் சுமந்து செல்லும் ரெயில்பாதையும் அறுபட வேண்டும். இத்தொழிலுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவரே நம் இசையாசிரியர்.

ஏப்ரல் 17-ஆம் நாள் விடியலில், டென்னசி மாநிலத்து லாகிரேஞ்சு என்னும் ஊரினின்று 1,700 குதிரைவீரரோடு அவர் தெற்கு நோக்கிப் புறப்பட்டார். 6-ஆம், 7-ஆம் இல்லினாய்ப் படைகளும் 2-ஆம் அயோவாப் படையும் உடன் சென்றன. சுமை வண்டிகள் இல்லை. ஐந்து நாளுக்குரிய உணவு கொடுத்து அதனைப் பத்து நாளுக்கு நீட்டிக்குமாறு பணிக்கப்பட்டது. கிரியர்சன் சட்டைப்பையில் மூன்று பொருள்கள் இருந்தன என்பர்: ஒரு சிறு நிலப்படம், ஒரு திசைகாட்டி, ஒரு மோர்சிங்கு. முதலிரண்டும் படைத்தலைவர்க்கு உரியன. மூன்றாவது அவர்தம் பழைய உள்ளத்துக்கு உரியது.

பகைவர் நாட்டின் நடுவே சிறுபடை செல்லுதற்கு வலிமையினும் சூழ்ச்சியே வேண்டும். நான்காம் நாள் இரவு, நோயுற்றோரும் தளர்ந்தோருமாகிய 175 பேரைத் தனியே பிரித்து, வந்த வழியே திருப்பி அனுப்பினார். நால்வர் நால்வராக வரிசையிற் சென்று வந்த சுவடுகளை அழிக்குமாறு கட்டளையிட்டார். படை முழுவதும் திரும்பிவிட்டதென்று காண்பார் மயங்க வேண்டும் என்பது கருத்து. மறுநாள் கர்னல் ஹாட்சு என்பாரோடு அயோவாப் படையையும் பிரித்துக் கிழக்கே ஏவினார். துரத்தி வந்த பகைப்படை அவர் பின்னே சென்றது. பின்னும் 35 பேர் கொண்ட ஒரு சிறு குழுவை வேறொரு திசையில் அனுப்பினார். தம்மிடம் எஞ்சிய ஏறத்தாழ 950 பேரோடு நேரே தெற்கே விரைந்தார். பகைவர்க்குத் தந்தி பல வந்தன. ஒவ்வொரு தந்தியும் கிரியர்சன் படை வெவ்வேறு இடத்தில் உள்ளதெனக் கூறியது. எதனை நம்புவது என்றறியாது அவர்கள் மயங்கினார்கள்.

முன்னே ஒற்றராகச் சென்றவர் சார்ஜெண்டு சர்பி என்பாரும் அவர்தம் தோழருமாவர். தென்னாட்டார் உடை தரித்துச் சென்றனர். அகப்பட்டால் தூக்குக் கயிறே தண்டனை என்பதை அவர்கள் நன்கறிவார்கள்.

ஏப்ரல் 24-ஆம் நாள் நியூட்டன் ஸ்டேஷன் என்னும் இடத்தை அடைந்தனர். படைக்கலமும் உணவுப்பொருளும் ஏற்றிவந்த இரண்டு ரெயில்வண்டிகள் கைப்பற்றப்பட்டன. இயந்திரங்கள் தகர்க்கப்பட்டன, தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டன, தந்திக் கம்பிகள் அறுக்கப்பட்டன, பாலங்கள் எரிக்கப்பட்டன. விக்ஸ்பர்க்குக்குச் செல்லும் உயிர்நாடி துண்டுபட்டது.

அந்நாள் நிகழ்ந்த வேறொன்றையும் கூறுதல் வேண்டும். அவ்விடத்தினின்று மேற்செல்லும்போது, கார்லண்ட்வில் என்னும் ஊரில் நரைத்த தலையினராகிய முதியோர் வேட்டைத் துப்பாக்கிகளை ஏந்தி வழிமறித்தனர், சுட்டனர், ஒரு வீரர் காயமுற்றார். வெற்றிக் களிப்பிலிருக்கும் படை அந்த ஊரைக் கொளுத்தியிருத்தல் கூடும். கிரியர்சன் அம்முதியோரைப் பிடித்துத் துப்பாக்கிகளை வாங்கிக்கொண்டு, அவர்தம் செயலின் பேதைமையை எடுத்துரைத்து, விடுவித்துவிட்டார். படைக்கு வேண்டிய உணவையும் குதிரைகளையும் வழியெங்கும் எடுத்துக்கொண்டமை உண்மை. போரில் அதனைத் தவிர்த்தார் என்று யான் புனைந்துரையேன். ஆயினும் குடிமக்களைத் துன்புறுத்த வந்தோமல்லோம் என்பதை அவர் சொல்லாலும் செயலாலும் காட்டினார்.

திரும்பும் வழி அடைபட்டது. ஆகவே வடக்கே மீளாமல், வடவர் வசமிருந்த பேட்டன் ரூஜ் நகரம் நோக்கித் தெற்கே செல்லத் துணிந்தார். மே முதல் நாள் டிக்பா ஆற்றுப் பாலத்திற் கடும்போர் நிகழ்ந்தது. முன்னணியிற் பாய்ந்த லெப்டினன்ட் கர்னல் பிளாக்பர்ன் படுகாயமுற்றுப் பின்னர் இறந்தார். ஒற்றர் தலைவர் சர்பியும் காயமுற்றார். அவரை உடன்கொண்டு செல்ல இயலவில்லை. விட்டுச் செல்லுமுன், மாற்றுடையைக் களைந்து வடவர் படையுடையை அவர்க்கு உடுத்தினர் தோழர். ஒற்றர் எனத் தூக்கிலிடப்படாமல் போர்க்கைதியாக உயிர் பிழைக்கட்டும் என்பதே கருத்து. அவ்வாறே பிழைத்து, பின்னர் அச்செலவைப் பற்றி ஒரு நூலும் எழுதினார். துப்பாக்கி முழக்கத்தின் நடுவே தோழன் உடையை மாற்றி நின்ற அக்கைகளை எண்ணிப் பாருங்கள்.

கடைசி 28 மணி நேரத்தில் 76 மைல் சென்றார்கள். நான்கு முறை பொருதார்கள். உணவில்லை, உறக்கமில்லை. மே 2-ஆம் நாள், நகரத்தை நெருங்கிய இடத்திற் படையை நிறுத்தியதும் வீரர் விழுந்தவண்ணமே உறங்கினர். எல்லோரும் உறங்கினால் காப்பவர் யார்? கிரியர்சன் அருகிலிருந்த ஒரு வீட்டிற் புகுந்தார். அங்கே ஒரு பியானோ இருந்தது. வீட்டார் வியந்து நோக்க, அதன்முன் அமர்ந்து வாசிக்கத் தொடங்கினார். உறங்காதிருத்தற்கு அவர் கண்ட மருந்து அதுவே! நகரத்தினின்று ஒரு குழு எதிரே வருவதறிந்ததும், தாமே தனித்து நடந்து கைக்குட்டையை அசைத்துச் சென்று, தாம் யாரென அறிவித்தார். மாலையில் அப்படை நகரத்துட் புகுந்தது. அடிமை நீங்கி விடுதலை வேண்டிய கறுப்பின மக்கள் பலர் அதன் பின்னே அணிவகுத்து வந்தனர்.

16 நாள், 600 மைல். கிரியர்சன் அளித்த அறிக்கையின்படி அவர் பக்கத்து இறந்தோர் 3 பேர், காயமுற்றோர் 7 பேர், காணாமற்போனோர் 9 பேர். 50 மைலுக்கு மேற்பட்ட ரெயில்பாதையும் தந்தியும் அழிக்கப்பட்டன. பகைவரில் 500 பேர் சிறைப்பட்டு, மீண்டும் போர் செய்வதில்லை என்ற உறுதியின்மேல் விடுவிக்கப்பட்டனர். இதற்கிடையே, ஏப்ரல் 30-ஆம் நாள் கிராண்டு தம் சேனையோடு ஆற்றைக் கடந்துவிட்டார். ஜூலை 4-ஆம் நாள் விக்ஸ்பர்க் பணிந்தது.

நம் புறப்பொருள் நூலார் பகைவர் நிரை கவர்தலை வெட்சி என்றும், மதிலை வளைத்தலை உழிஞை என்றும் வகுத்தனர். கிரியர்சன் செலவு தோற்றத்தால் வெட்சி போன்றது. பயனால் உழிஞையைச் சார்ந்தது. வெட்சி வீரர் தாம் கொணர்ந்த நிரையைக் காட்டி மகிழ்வர். இவரோ வேறொருவர் அடையும் வெற்றிக்கு வழி திறந்துவிட்டு அமைந்தார்.

அவர்க்கு உடனே பிரிகேடியர் ஜெனரல் பதவி கிடைத்தது. 1864-இல் பிரைசு குறுக்குச்சாலை என்னுமிடத்திற் பெருந்தோல்வியிலும் அவர் பங்குகொள்ள நேர்ந்தது. ஸ்டர்ஜிஸ் என்பார் தலைமை தாங்கிய அச்சேனை, பாரெஸ்டு என்னும் தென்னாட்டுக் குதிரைப்படைத் தலைவரிடம் முறிந்தோடியது. அன்று பின்வாங்கும் சேனையைக் காத்து நின்று பொருதவருட் கறுப்பின வீரர் இருந்தனர். போர் முடிவில் கிரியர்சன் மேஜர் ஜெனரல் வரிசை எய்தினார். அக்காலத்து அமெரிக்கப் படையில் வீரம் காட்டினார்க்குப் பதக்கத்தினும் ‘பிரவெட்டு’ என்னும் மதிப்புப் பதவி அளிப்பதே பெருவழக்கு. 1867-இல் நிலைப்படையிலும் அத்தகைய உயர்ந்த பிரவெட்டுகள் அவர்க்கு அளிக்கப்பட்டன. முதற் போரின் பரிசு இது.

இரண்டாவது போர்

அன்பர்களே! பெரும்பாலோர் இவ்விடத்திலேயே வரலாற்றை நிறுத்திவிடுவர். யான் கூற வந்தது இனிமேற்றான்.

உள்நாட்டுப் போரில் வடவர் பக்கம் நின்ற கறுப்பின வீரர் ஏறத்தாழ 1,80,000. அவர்தம் தொண்டு கருதி, 1866-இல் அமெரிக்கச் சட்டமன்றம் நிலைப்படையில் கறுப்பினத்தார்க்கெனச் சில படைகளை அமைத்தது. அவற்றுள் 10-ஆம் குதிரைப்படை ஒன்று. அதிகாரிகள் வெள்ளையர். அத்தகைய படையிற் பணிபுரிதலை இழிவென்று கருதி மறுத்த அதிகாரிகள் பலர். கிரியர்சன் 10-ஆம் படையின் கர்னல் பதவியை ஏற்றார். 22 ஆண்டு அதன் தலைமையில் நின்றார்.

லெவன்வொர்த் கோட்டையில் படை திரட்டத் தொடங்கினார். எழுதப் படிக்கத் தெரிந்தவரும் ஒழுக்கமுடையவருமாகத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று வற்புறுத்தினார். எழுத்தறியாதார்க்குப் படையில் கல்வி கற்பிக்கச் சட்டமே இடந்தந்தது. படைக்கு ஓர் இசைக்குழுவையும் அமைத்தார். கோட்டைத் தலைவராயிருந்த ஹாப்மன் என்பார்க்கு இவை பொறுக்கவில்லை. புதிய வீரர்க்குத் தாழ்ந்த சதுப்பு நிலத்தில் இடம் ஒதுக்கினார். பலர் நோயுற்றனர். வெள்ளையர் படைக்கு அண்மையில் அவர்கள் அணிவகுக்கலாகாது என்றார். அணிவகுப்பு நாளில் மற்றப் படைகள் நடந்து செல்ல, இப்படை நின்ற இடத்தே நிற்க வேண்டும் என்றார்.

கிரியர்சன் எதிர்த்தார், மேலிடத்துக்கு எழுதினார். தம் கீழதிகாரிகளுக்கு ஓர் ஆணையும் இட்டார். அறிக்கைகளில் ‘கறுப்பர்’ என்னும் அடைமொழி வேண்டா. ‘பத்தாம் குதிரைப்படை’ என்று மட்டுமே எழுத வேண்டும் என்பதே அது. மொழியாசிரியன் என்னும் முறையில் இவ்வாணையை யான் பெரிதும் மதிக்கின்றேன். அடைமொழி சிலவிடத்துப் பெயர்க்கு அணியாகும். சிலவிடத்துக் காலிலிட்ட தளையாகும். மற்றப் படைகளை எண்ணால் மட்டும் குறித்து, ஒரு படைக்கு மட்டும் நிறத்தைச் சேர்த்துரைப்பின், அது பெயரன்று, எல்லைக்கல். அக்கல்லை அவர் பெயர்த்தெறிந்தார்.

அப்படையினர் மேற்கெல்லையிற் பல்லாண்டு உழைத்தனர். பழங்குடி மக்கள் அவரைக் ‘காட்டெருமை வீரர்’ என்று அழைத்தனர் என்பர். கிரியர்சன் மேற்பார்வையில் சில் கோட்டை எழுந்தது. பாலைநிலத்திற் சாலைகளும் தந்திக் கம்பிகளும் அமைந்தன. 1880-இல் அப்பாச்சித் தலைவர் விக்டோரியோ என்பாரை எதிர்த்தபோது, கிரியர்சன் அவரைத் துரத்தி ஓடவில்லை. வறண்ட நாட்டில் நீர் உள்ள இடங்கள் சிலவே. அவற்றைக் காத்து நின்றால் பகைவர் தாமே விலகுவர் என்று கணித்தார். அவ்வாறே ஜூலை 30-ஆம் நாள் ஒரு நீர்நிலையைச் சிலரோடு காத்து நின்று, துணைப்படை வருமளவும் பொருதார். விக்டோரியோ மெக்சிகோவுக்கு மீண்டார்.

இங்கே ஓர் உண்மையை மறைத்தல் தகாது. தம் நிலத்தை இழந்த பழங்குடியினரை ஒடுக்குதற்கு, முன்பு தம் விடுதலையையே இழந்திருந்த மக்கள் பயன்படுத்தப்பட்டனர். ஓர் ஒடுக்கப்பட்டோரைக் கொண்டு மற்றோர் ஒடுக்கப்பட்டோரை அடக்குதல் அரசுகளின் பழைய தந்திரம். கிரியர்சனும் அவ்வரசின் ஊழியரே. ஆயினும் பழங்குடியினரிடத்து அமைதி வழியே நாடினார். அதனால் அவர் மிகவும் மென்மையானவர் என்று மேலதிகாரிகள் குறை கூறினர்.

பிளிப்பர் என்னும் இளைஞர்

இவர்தம் படையில் ஹென்றி பிளிப்பர் என்னும் இளைஞர் இருந்தார். அடிமையாகப் பிறந்தவர். வெஸ்டு பாயிண்டுப் படைக்கல்லூரியில் 1877-இல் தேறிய முதற் கறுப்பினத்தவர் அவரே. அக்கல்லூரியில் உடன் பயின்றார் பலர் அவரோடு பேசாமலே நான்காண்டு கழித்தனர். அவர் 10-ஆம் படையில் அதிகாரியானார். 1881-இல் டேவிஸ் கோட்டையில் பண்டசாலைப் பொறுப்பு வகித்தபோது பணம் குறைந்ததாகக் குற்றம் சாட்டப்பட்டார். படைமன்றம் பணம் கையாடிய குற்றம் இல்லையென்று தீர்த்தது. ஆயினும் அதிகாரிக்கு ஒவ்வாத நடத்தை என்னும் வேறொரு குற்றத்தின்மேல் பதவியினின்று விலக்கியது. கிரியர்சன் பிளிப்பரின் நற்பண்புக்குச் சான்று கூறி எழுதினார். அச்சொல் ஏறவில்லை. 1882-இல் பிளிப்பர் விலக்கப்பட்டார், 1940-இல் மறைந்தார். 1976-இல் படைத்துறை அவர் விலகலை மதிப்புடைய விலகலாக மாற்றியது. 1999-இல் நாட்டுத் தலைவர் முழு மன்னிப்பு அளித்தார். இறந்தவர் செவிக்கு அது எட்டுமோ? எட்டாது, எனினும் இருப்பவர் செவிக்கு எட்டும்.

இத்தகைய நிலைபாட்டுக்குக் கிரியர்சன் பெற்ற பரிசு யாது? 1866-இல் கர்னலானவர் 1890 வரை கர்னலாகவே இருந்தார். ஏறத்தாழ 24 ஆண்டு! உள்நாட்டுப் போரில் அவர்க்குக் கீழ்ப்பட்ட புகழுடையார் பலர் அவரைக் கடந்து மேற்சென்றனர். அவர் படைக்கல்லூரியிற் பயின்றவர் அல்லர் என்பதும் ஒரு காரணம்; அவர் யாரோடு நின்றார் என்பது மற்றொரு காரணம். வீட்டிலும் துயர் சூழ்ந்தது. 1878-இல் 13 வயது மகள் எடித் என்பாள் கோட்டையிலேயே நச்சுக்காய்ச்சலால் இறந்தாள். 1888-இல் மனைவி ஆலிஸ் மறைந்தார். அவ்வாண்டின் இறுதியில் தம் படையினின்று விடைபெற்றபோது கிரியர்சன் ஓர் ஆணை வெளியிட்டார். தம் வீரர் ஆற்றிய தொண்டு ஏட்டிற் பதிந்துள்ளது என்றும், விரைவிலோ காலந்தாழ்ந்தோ அதற்குரிய மதிப்பு வந்தே தீரும் என்றும் அதிற் குறித்தார். தமக்கு வரவேண்டிய உயர்வைப் பற்றி அல்ல, தம்மவர்க்கு வரவேண்டிய மதிப்பைப் பற்றியே அவர் கவலை இருந்தது.

1890 ஏப்ரலில் நிலைப்படையிற் பிரிகேடியர் ஜெனரல் பதவி கிடைத்தது. ஜூலையில் ஓய்வு பெற்றார். மூன்றே மாதம்! 1911-ஆம் ஆண்டு ஆகஸ்டு 31-ஆம் நாள், 85-ஆம் வயதில், மிச்சிகன் மாநிலத்தில் உயிர்நீத்தார்.

1959-இல் அவர்தம் குதிரைச் செலவைத் தழுவி ஜான் போர்டு என்னும் இயக்குநர் ஒரு திரைப்படம் எடுத்தார். பெயரும் தொழிலும் மாற்றப்பட்டன. இசையாசிரியர் அங்கே ரெயில்பாதை அமைக்கும் பொறியாளர் ஆகிவிட்டார்! இசை கற்பிப்பவன் வீரனாதலை உலகம் நம்பாது என்று கருதினர் போலும். பத்தாம் படையின் கர்னலாக அவர் நின்ற நெடுங்காலமோ அப்படத்திற்குப் பொருளேயன்று.

நாம் எண்ணத்தக்கது

இவ்வரலாற்றைக் கேட்டவர் பலர், “குதிரைக்கு அஞ்சியவர் குதிரைப்படைத் தலைவரானார், முயற்சி திருவினையாக்கும்” என்று முடித்துக்கொள்வர். அஃதும் உண்மையே. மாணவர் அதனை நெஞ்சிற் கொள்க. ஆயின் பெரியவர்களாகிய நாம் அதனோடு நின்றுவிடலாகாது.

பகைவர்முன் நெஞ்சு நிமிர்த்தி நிற்றல் அரிதே; எனினும் அதற்குத் துணை உண்டு. பின்னே நம்மவர் நின்று ஆர்ப்பரிப்பர். வென்றால் மாலை சூட்டுவர். வீழ்ந்தால் நடுகல் எடுப்பர். தம்மவர் முகஞ்சுளிக்க, தம்மவர் ஏளனஞ்செய்ய, தம்மவர் கதவடைக்க, அதற்குப் பின்னும் நேர்மையின் பக்கம் நிற்பவனுக்கு ஆர்ப்பரிப்பும் இல்லை, மாலையும் இல்லை. கிரியர்சன் முதல் வீரத்தைப் பதினாறு நாளிற் காட்டினார். இரண்டாவது வீரத்தை இருபத்திரண்டு ஆண்டு காட்டினார். முதலாவதற்குப் பரிசு விரைவிலேயே வந்தது. இரண்டாவதற்கு உரிய பரிசு அவர் காலத்தில் வரவேயில்லை.

ஆதலின் இந்த அவையை ஒன்று வினவ விரும்புகின்றேன். சங்கங்கள் தம்மவர் பெற்ற பட்டங்களையும் பதவிகளையும் எண்ணி மகிழ்கின்றன. நம் சங்கமும் அவ்வாறே. மகிழ்தல் தவறன்று. ஆனால் நம் வீட்டு இளைஞன் ஒருவன், உலகம் தாழ்வாக எண்ணும் மக்கள் பக்கம் நின்றமையால் தன் பதவியுயர்வை இழந்து, ஒரு மாலைப்பொழுதில் நம் தெருவிற் புகுகின்றான் என்று கொள்வோம். அவனைப் பிழைக்கத் தெரியாதவன் என்று சொல்லித் திண்ணையில் உட்கார்ந்து நகைப்போமா? அன்றிப் பட்டம் பெற்றவனை எதிர்கொள்வது போல வாயில்வரை சென்று எதிர்கொள்வோமா?

இவ்வினாவிற்கு மேடையில் விடை கூறுதல் எளிது. வீட்டு வாயிலிற் கூறும் விடையே விடை. அந்நாள் வருங்கால் நாம் எழுந்து வாயில்வரை செல்வோமாயின், நம் சங்கம் பெற்ற பட்டங்கள் அனைத்தினும் அதுவே பெரிய பட்டமாகும்.